சேலை அப்படியே இருக்கட்டும்

கல்யாணப் படத்துக்குக் கலர் பாக்குற வேலை இருக்கே, அதுல கண்ணு கெடுறதுக்கு முன்னாடி மனசு கெட்டுப்போயிடும்! பினாங்கு டத்தோ கிராமாட்ல, முதலாளி அண்ணே ஒருத்தர் நடத்துற சின்ன ஸ்டூடியோ. படம் எடுக்குறதும் நான்தான், எடிட் பண்றதும் நான்தான். இப்பக்கூட ஒரு ஆல்பம் கம்ப்யூட்டர்ல ஏறிக்கிட்டு இருக்கு, அந்தக் கேப்புல இத டைப் பண்றேன். வேலைக்குச் சேந்தப்ப ஒரு வைராக்கியம்: வானம், சுவரு, வெளிச்சம் எல்லாத்துலயும் விளையாடுவேன், மனுஷங்க தோல் நிறத்துல மட்டும் கை வைக்க மாட்டேன். இதே வேலையில இருக்குற உங்களுக்கு இப்பவே சிரிப்பு வந்திருக்கும். சிரிங்க.

மயில் பச்சை

முதல் ஆல்பத்துக்குப் பழைய ஃபிலிம் மாதிரி மங்கலா ஒரு டோன் போட்டேன். எனக்கே கண்ணு கலங்கிடுச்சு, அவ்ளோ அழகு! மறுநாள் பொண்ணோட அத்தை ஒரு பிளாஸ்டிக் பையோட வந்தாங்க. உள்ள கல்யாணச் சேலை. ஸ்கிரீன் பக்கத்துல விரிச்சாங்க. "நான் வாங்கிக் குடுத்தது மயில் பச்சை. இதுல பாசி புடிச்ச மாதிரி இருக்கு. சம்பந்தி வீட்டுல என்ன நினைப்பாங்க?"

சேலைய வெச்சே ஒத்துப் பாத்து, நூல் மாறாம அந்தப் பச்சைய கொண்டு வந்தேன். அத்தைக்குப் பரம திருப்தி. எழுந்திருக்குறப்ப சொன்னாங்க: "சேலை அப்படியே இருக்கட்டும்மா, பொண்ண மட்டும் கொஞ்சம் வெள்ளையாக்கிடு லா."

எதிர்க்கரைச் சூரியன்

(பொண்ண வெள்ளையாக்குனது நான் இல்ல, எங்க முதலாளி அண்ணே.) அடுத்த மாப்பிள்ளை கடலுக்கு அந்தப் பக்கம், பட்டர்வொர்த் பாகான் டாலாம்காரரு. சாயங்காலம் பினாங்குத் தீவு ஜெட்டியில, அதான் படகுத்துறையில, ஷூட்டிங், வானம் பூரா மழை மேகம். கடலும் வானமும் ஒரே சாம்பல், நடுவுல பொண்ணோட சிவப்புச் சேலை. ஐயோ, என்ன கலர் தெரியுமா அது! முதலாளி அண்ணே பாத்துட்டு, "என்னா இது, துக்க வீடு மாதிரி? சன்செட் போடு"ன்னுட்டாரு. போட்டேன். ஜெட்டிக்கு எதிர்க்கரை பட்டர்வொர்த். அந்தப் பக்கம் சூரியன் உதிக்கும், மறையாது. பினாங்குல சின்னப் புள்ளைக்கும் தெரியும். மாப்பிள்ளை ரொம்ப நேரம் பாத்தாரு. "எங்க வீட்டு மேல சூரியன் மறைஞ்சு நான் பாத்ததே இல்ல தங்கச்சி. ஆனா நல்லாத்தான் இருக்கு, வெச்சிருங்க."

கொஞ்சூண்டு

சரசு அக்கா இன்னொரு கல்யாணப் பொண்ணோட அம்மா. நல்ல கறுப்பு, களையான முகம். மகளுக்குத் தாலி ஏறினப்ப வாய்விட்டுச் சிரிச்சாங்க பாருங்க, நான் எடுத்ததுலயே அதுதான் பெஸ்ட் படம்! அவங்களே ஸ்டூடியோவுக்கு வந்து என் கையப் புடிச்சுக்கிட்டாங்க. "எல்லாப் படத்துலயும் நான்தான் இருட்டா நிக்கிறேன். கொஞ்சூண்டு வெள்ளையாக்கு கண்ணு." கெஞ்சுறவங்ககிட்ட என்ன வைராக்கியம் பேசுறது? செஞ்சேன். ஆல்பம் குடுத்ததும், டிஸ்க்ல இடம் பத்தலன்னு ஒரிஜினல் எல்லாத்தையும் அழிச்சிட்டேன். அக்கா ஆல்பத்தப் பாத்துட்டுச் சொன்னது: "இத்தன வருஷமா கண்ணாடிதான் என்னைய ஏமாத்தியிருக்கு. நீதான் உண்மையக் காட்டுற."

கையும் ஸ்கிரீனும்

போன மாசம் அக்காவோட மக யாழினி வந்தா. அம்மா திடீர்னு தவறிட்டாங்க, பதினாறாம் நாளுக்குப் படம் வேணும். போன்ல இருக்குறது எல்லாம் ஃபில்டர் போட்டது. வாய்விட்டுச் சிரிச்சது அந்த ஒரு படத்துலதான். "ஆனா இது அம்மா மாதிரியே இல்ல அக்கா. அம்மாவோட சொந்தக் கலர்ல வேணும்."

எல்லா டிஸ்க்கையும் தேடினேன். தேடினதே நடிப்பு, அழிச்சது நான்தானே? கடைசியில உண்மையச் சொன்னேன். அவ திட்டல. திட்டியிருந்தா தேவல.

அந்த அத்தை சேலைய விரிச்ச இடத்துலயே யாழினி தன் கைய வெச்சா. "நான் அம்மா நிறம்னு எல்லாரும் சொல்லுவாங்க. இதப் பாத்துச் செய்ங்க." முகத்துல ஏத்தியிருந்த வெளுப்பக் கொஞ்சம் கொஞ்சமா இறக்கினேன். கையும் முகமும் ஒண்ணாச்சு. அவ பாத்துக்கிட்டே இருந்தா.

"இது என் கலர். அம்மா இன்னும் கொஞ்சம் கறுப்பு... எவ்வளவுன்னு சொல்லத் தெரியலையே அக்கா."

சூரியனையே பட்டர்வொர்த்ல மறைய வெச்ச கை இது, சரசு அக்காவோட கறுப்பத் திருப்பிக் கொண்டுவர மட்டும் இதுக்குத் தெரியல.