தூக்கிப் பார்த்த பவர் சப்ளை

கேமிங் கம்ப்யூட்டருக்குப் புது கிராபிக்ஸ் கார்டு வந்துவிட்டது. பழைய பவர் சப்ளை அதற்குப் போதாது. எதை வாங்கலாம் என்று நேற்று இந்தக் குழுவில் கேட்டிருந்தேன். பாதிப் பேர் சொன்ன பதில் ஒன்றுதான்: "கையில தூக்கிப் பாருங்க. வெயிட்டா இருந்தா நல்ல சரக்கு."

இன்று மரக்காணத்திலிருந்து பாண்டியில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். மனைவியும் கூட வந்தாள்.

கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். இரண்டிலும் 650 வாட் என்றுதான் போட்டிருந்தது. ஒன்றின் விலை மற்றதில் பாதி.

பெரிய நிபுணன் மாதிரி ஒவ்வொரு கையிலும் ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். விலை குறைந்ததுதான் கனமாக இருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம்.

"இதையே பில் போடுங்க" என்றேன்.

மனைவி மெதுவாகச் சொன்னாள்: "ஏங்க, எங்கப்பா உப்பு குடோன்ல ஈர மூட்டைதான் எப்பவும் வெயிட்டா இருக்கும். அதுக்காக அத நல்ல உப்புன்னு யாராவது வாங்கிட்டுப் போவாங்களா?"

கடைக்காரர் மேசைக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

கனமானதைக் காட்டி, "இதுக்கு வாரண்ட்டி எவ்ளோ நாளுங்க?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் ரிப்பேரே வராது சார்."

"அந்த இன்னொன்னுக்கு?"

"அதுக்கு அஞ்சு வருஷம் இருக்குது சார்."

பவர் சப்ளை புகைந்தால் சும்மா போகாது, புது கார்டையும் கூடவே கூட்டிக்கொண்டு போகும். லேசானதையே வாங்கி வந்தேன்.

தூக்கிப் பார்க்கச் சொன்ன நண்பர்களே, ஒரு சந்தேகம். நீங்களெல்லாம் உப்பைப் பாக்கெட்டில்தான் வாங்குகிறீர்களா?