லாச்சிக்குள் இருந்த பெட்டி

நவம்பர் பிறந்ததும் எங்கள் வீட்டில் ஓட்டை அடைக்கும் வேலை தொடங்கிவிடும். டென்மார்க்கில், ஸ்கீவ நகரிலிருந்து காரில் கால்மணி நேரம், பன்றிப் பண்ணைகளுக்கும் வயல்களுக்கும் நடுவில் ஒரு பழைய செங்கல் வீடு. என் கணவர் இறைச்சித் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, "இனிக் கொஞ்சக் காலம் சத்தமில்லாம இருப்பம்" என்று சொல்லி வாங்கியது. சத்தம் இல்லைதான். ஆனால் ஃபியோர்ட் என்கிற கடற்கழியில் கிளம்பும் காற்றுக்கு எங்கள் யன்னலைத் தவிர வேறு போக்கிடம் கிடையாது.

எனக்குக் குளிர் ஆகாது. இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருடங்களுக்கு மேலாகியும் அதனுடன் எனக்குச் சமாதானம் இல்லை. ஆகவே நான் மேஸ்திரி, அவர் வேலையாள். போன வருடம் முதல் தடவையாக ஓர் ஓட்டையும் விடவில்லை. யன்னல் சட்டங்களுக்கு ரப்பர் பட்டி ஒட்டினார். கதவின் அடியில் தூரிகைப் பட்டி அடித்தார். ஒவ்வோர் அறைச் சுவரிலும் காற்றுக்காக விட்டிருந்த வட்டத் துவாரங்களுக்குள் என் பழைய பருத்திச் சேலையைக் கிழித்துத் திணித்து, மேலே வெள்ளை ஒட்டு நாடா ஒட்டினோம். பிறகு நான் ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தி அறை அறையாகக் கொண்டுபோனேன். சுடர் அசையவே இல்லை. எனக்கு அப்படியொரு சந்தோசம்.

மற்ற வேலைகளும் அந்தந்த ஒழுங்கில் நடந்தன. பக்கத்துப் பண்ணைக்காரர் ட்ரக்டரில் விறகு கொண்டுவந்து கொட்டினார். கணவர் அதை மூன்று நாளாக அடுக்கினார். அடுக்கிவிட்டு எட்ட நின்று அழகு பார்த்தார். நான் அப்பிள்களை ஒவ்வொன்றாகப் பேப்பரில் சுற்றிப் பெட்டிகளில் வைத்தேன். நாலு மணிக்கே இருட்டிவிடும். வரவேற்பறையில் விறகுக் கணப்பு எரியும். விறகு சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாது என்று அவர் கணப்பின் காற்று வாயை ஒடுக்கி, மெல்லப் புகைய விடுவார். குசினியில் நான் சமைப்பேன். பண்ணைக்காரரின் பூனை எங்கள் கணப்படியில் சுருண்டு கிடக்கும். இதைவிட என்ன வேண்டும் என்று இருந்தது.

அதற்கு முந்திய மாதம், இலையுதிர்கால விடுமுறைக்கு ஒடென்சே நகரிலிருந்து மகள் வந்திருந்தபோது உள்ளங்கை அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி கொண்டுவந்தாள். கணப்பு இருக்கிற வீட்டுக்கு இது கட்டாயம் வேண்டும் என்று டெனிஷில் விளக்கம் சொன்னாள். நான் அப்போது அவளுக்குக் கட்டிக் கொடுக்க மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். "ஓம், ஓம்" என்றேன். எனக்குத் தெரிந்தவரை கத்துகிற பெட்டி எல்லாமே ஒரு சாதிதான். எங்கள் கூரையில் ஏற்கனவே ஒரு புகை அலாரம் இருந்தது. அதற்கு நான் குளிக்கிற பிளாஸ்ரிக் தொப்பி ஒன்றைப் போட்டு வாயை அடைத்திருந்தேன். இதில் நான் மட்டும் குற்றவாளி இல்லை. ஸ்கீவவிலிருந்து ஒடென்சே வரை எந்தத் தமிழ் வீட்டுக்குப் போனாலும் நிமிர்ந்து பாருங்கள். கடுகு தாளித்தால் அலறுகிற ஒன்றுக்கு வேறென்ன செய்வது?

புதுப் பெட்டியைக் கணவர் கணப்புக்குப் பக்கத்துச் சுவரில் திருகிவிட்டார்.

நவம்பர் இரண்டாம் கிழமை நான் லீவு எடுத்து வருடத்துக்குரிய தூள் வறுத்தேன். மல்லி, சீரகம், மிளகு எல்லாம் முடிந்து கடைசியாகச் செத்தல் மிளகாய். யன்னலைத் திறந்தால் ஒட்டிய பட்டி கழன்றுவிடும், வீடும் குளிர்ந்துவிடும். அதனால் அடுப்புக்கு மேலுள்ள புகை இழுக்கும் விசிறியை உச்சத்தில் வைத்தேன். மிளகாய் கறுப்பேறத் தொடங்கும் நேரம் வரவேற்பறையில் எரிகிற கணப்புக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டி அலறியது. அப்படி ஓர் அலறல். கணவர் விறகுக் கொட்டிலில் இருந்தார். நான் ஓடிப்போய்ச் சுவரிலிருந்து அதைக் கழற்றி, பற்றரியைப் பிடுங்கி, துவாயில் சுற்றி, நடைக்கதவருகே உள்ள அலுமாரியின் லாச்சியை இழுத்து, அந்த இழுப்பறைக்குள் தள்ளிச் சாத்தினேன். மிளகாய் கருகவில்லை. தூள் அருமையாக வந்தது. பெட்டியைத் திரும்ப மாட்ட வேண்டும் என்று நினைத்தேன், பிறகு நினைக்கவில்லை.

முதலில் பூனை வருவதை நிறுத்தியது. உள்ளே தூக்கிக்கொண்டு வந்தாலும் கதவடியில் போய் நின்று பிறாண்டியது. "கொழுப்பு" என்றேன்.

பிறகு அவருக்குத் தலையிடி. பின்னேரமானால் நெற்றியைப் பிடித்துக்கொண்டு கதிரையிலேயே தூங்கினார். ஒருநாள் நான் வேலையால் வந்தபோது தண்ணீரில்லாத தேத்தண்ணிக் கேத்தில் அடுப்பில் சிவந்துகொண்டிருந்தது. இன்னொரு நாள் கார்க்கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். பண்ணைக்காரருக்குப் பூசணிக்காய் கொடுத்ததை ஒரே சாப்பாட்டுக்குள் மூன்று தடவை சொன்னார். கடைக்குப் போகச் சாமான் எழுதித் தாங்கோ என்றேன். வெங்காயம், பால், வெங்காயம், பாண், வெங்காயம் என்று எழுதியிருந்தார்.

அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு குசினியில் நின்று இரண்டாம் தரமும் வாசித்தேன். நான் இருபத்திரண்டு வருடமாக முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன், அதில் கடைசி ஏழு வருடம் நினைவு மங்கியவர்களின் பகுதியில். இது எப்படித் தொடங்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கேத்திலில் தொடங்கும், கதவில் தொடங்கும், ஒரே கதையில் தொடங்கும். பிறகு ஒருநாள் உங்களைப் பார்த்து, நீங்கள் யார் என்று மரியாதையாகக் கேட்பார்கள். எனக்கும் சனி, ஞாயிறுகளில் தலையிடித்தது. கிழமை முழுதும் ஆட்களைத் தூக்கி இறக்குகிறவளுக்குத் தலையிடிக்காமல் என்ன செய்யும் என்று விட்டுவிட்டேன்.

அவருக்குத் தெரியாமல் அவரைச் சோதிக்கத் தொடங்கினேன். இன்று என்ன கிழமை, நேற்று யார் போன் எடுத்தது என்று பேச்சோடு பேச்சாகக் கேட்பேன். மருந்துக் குளிசை டப்பாவில் நாள் எழுதி வைத்தேன். என்னை அறியாமலே குரலும் மாறியிருக்க வேண்டும். ஒருநாள் அவருக்குச் சப்பாத்து எடுத்துக் கொடுத்து, "இப்ப வலது காலைப் போடுவமா?" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இஞ்சேரும், என்னோட அந்தக் குரலில கதையாதையும்."

"எந்தக் குரல்?"

"உம்மட வேலைக் குரல். நான் இன்னும் அங்க வரேல்லை."

நான் குசினிக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மாதக் கடைசியில் இரண்டு நாள் ஒடென்சேக்கு மகளிடம் போனோம். அங்கே அவர் பழைய ஆள். மருமகனுடன் பகிடி விட்டார், மகளின் கழன்ற அலுமாரிக் கதவைத் திரும்பப் பொருத்தினார், திரும்பும்போது முழுத் தூரமும் தானே காரோட்டினார். வேறு யாராக இருந்தாலும் நிம்மதிப்பட்டிருப்பார்கள். எனக்கோ பயம் கூடியது. ஏனென்றால் எனக்கு எல்லாம் தெரியுமே! விருந்தாளிகளுக்கு முன்னால் இந்த நோயாளிகள் எப்படி நிமிர்ந்து உட்காருவார்கள் என்று பார்த்தவள் நான். பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டு, அம்மாவுக்கு ஒன்றுமில்லையே என்று எங்களைக் குறை சொல்லிவிட்டுப் போவார்கள். இவரும் அந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டார் என்று முடிவு கட்டினேன். வீட்டுக்கு வந்து கணப்பை மூட்டி, கதவைச் சாத்தி, இடியப்பம் அவித்து முடிக்குமுன் அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். என் முடிவு உறுதியானது. மறுநாள் அவருக்குச் சொல்லாமல் டொக்டரிடம் நினைவுப் பரிசோதனைக்கு நாள் எடுத்தேன்.

பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பு, பகல் பதினொரு மணிக்கு, சிம்னி துடைப்பவர் வந்தார். வருடத்துக்கு ஒருமுறை வந்து போகிற மனிதர். கறுப்பு உடுப்பு, பித்தளைப் பொத்தான்கள். அவரைக் கண்டால் அதிர்ஷ்டம் என்று டெனிஷ்காரர் சொல்வார்கள். நான் லீவில் நின்றேன், கறி கொதித்துக்கொண்டிருந்தது, விசிறி உச்சத்தில் ஓடியது, கணவர் கணப்படியில் அரைத் தூக்கத்தில் இருந்தார். சிம்னிக்காரர் சப்பாத்தைக் கழற்றக்கூட இல்லை. அவருடைய சட்டையில் கொளுவியிருந்த சின்னக் கருவி கீச்சிடத் தொடங்கியது. அவர் அதைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பிறகு கதவை விரியத் திறந்துவிட்டு, "வெளியே போங்கள். இப்போதே" என்றார்.

கோட்டும் இல்லாமல் விறகு அடுக்குக்குப் பக்கத்தில் நின்றோம். அவர் உள்ளே போய் விசிறியை நிறுத்தி, யன்னல்களை எல்லாம் திறந்தார். நான் ஒரு மாதமாகப் பொத்திப் பொத்தி வைத்த சூடு எங்கள் முகத்தைக் கடந்து போனது. வெளியே வந்து, ஆம்புலன்சுக்குப் பேசிவிட்டு, சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் சொன்னார். புகை இழுக்கும் விசிறி வீட்டுக் காற்றை வெளியே தள்ளும்; தள்ளிய அளவுக்கு எங்கிருந்தாவது புதுக் காற்று வர வேண்டும். நாங்கள் எல்லாவற்றையும் அடைத்துவிட்டோம். மிஞ்சிய ஒரே வழி சிம்னி. கணப்பில் உண்டாகும் காபன் மொனொக்சைட் என்ற நச்சுவாயு மேலே போகாமல் அறைக்குள் இறங்கியிருக்கிறது. அதற்கு மணமில்லை, நிறமில்லை. இன்னும் இரண்டு நாள் வெளியே காற்று வீசாமல் இருந்திருந்தால், இருவரையும் வேறு யாராவதுதான் வந்து கண்டிருப்பார்கள் என்றார்.

"உங்களிடம் இதற்கான அலாரம் இல்லையா?" என்று கேட்டார்.

நான் நடைக்கதவு வரை போய் லாச்சியைத் திறந்து, துவாயோடு கொண்டுவந்து கொடுத்தேன். அது மிளகாய் வறுத்தாலே கத்தும் என்று சொன்னேன். அவர் அதைப் புரட்டிப் பார்த்தார்.

"இதற்கு மிளகாய் தெரியாது. புகையும் தெரியாது. அந்த வாயு ஒன்றைத்தான் தெரியும்," என்றார். "அது கத்தியிருந்தால் உண்மையைத்தான் கத்தியிருக்கும்."

கணவர் விறகு அடுக்கைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நின்றார். நாங்கள் டெனிஷில் பேசியது ஒன்றும் அன்று அவர் தலையில் ஏறவில்லை.

ஆஸ்பத்திரியில் இருவருக்கும் முகமூடி வைத்து ஒட்சிசன் தந்தார்கள். எனக்கு ஒரு நாள், அவருக்கு ஐந்து நாள். நினைவுப் பரிசோதனைக்கு எடுத்த நாள் அதற்குள் கடந்துபோனது. மூன்றாம் நாள் அவர் முகமூடியை விலக்கிவிட்டு என் கையைப் பிடித்தார். கண் தெளிந்திருந்தது.

"உமக்கு ஒண்டு சொல்லவேணும். அந்தப் பெட்டியை நான்தான் கழட்டி லாச்சிக்குள்ள வைச்சிருக்கிறன்."

நான் கதிரையைக் கட்டிலுக்குக் கிட்ட இழுத்தேன்.

"அளவு நாடா தேடேக்க கண்டனான். எப்ப கழட்டினன், ஏன் கழட்டினன், ஒண்டும் நினைவில்லை. அண்டைக்குத்தான் எனக்கு விளங்கினது, என்ர தலை போகுதெண்டு. உமக்குச் சொல்லப் பயமா இருந்தது. திரும்பச் சாத்திப் போட்டு வந்திட்டன்."

அந்தக் கணத்தில் ஒரே ஒரு வசனம் சொல்ல வேண்டியிருந்தது. நான் சொல்லவில்லை. "அதையெல்லாம் இப்ப யோசிக்காதையுங்கோ" என்று முகமூடியைச் சரியாக வைத்துவிட்டேன், அதுவும் வேலைக் குரலில்.

வீட்டுக்கு வந்ததும் அவரே துவாரங்களிலிருந்து சேலைத் துண்டுகளை இழுத்து எடுத்தார். கூரை அலாரத்தின் தொப்பியை நான் கழற்றினேன். வெள்ளைப் பெட்டி பழையபடி சுவரில் ஏறியது. பூனை ஒரு கிழமைக்குள் திரும்பி வந்தது. தலையிடி போனது, கேத்தில் தப்பியது. வருகிறவர்களுக்கு அவர் இதைப் பகிடியாகச் சொல்வார். "பைத்தியம் பிடிச்சு, என்னைக் காப்பாத்துற சாமானை நானே ஒளிச்சு வைச்சிட்டன்!" எல்லோரும் சிரிப்பார்கள். நான் தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பேன்.

ஆனால் ஒவ்வொரு பின்னேரமும், இருட்டுகிற நேரத்தில், அவர் நடைக்கதவடிக்குப் போய் அந்த லாச்சியைத் திறந்து கைவிட்டுத் துழாவுவார். பிறகு வந்து சுவரில் பெட்டி இருக்கிறதா என்று பார்ப்பார். தன்னை அறியாமல் இன்றைக்கும் கழற்றிவிட்டேனோ என்று தன்னைத்தானே காவல் காத்தார். இந்தக் காவலுக்கு அவரை வைத்தது நான். ஒரு வருடம் அதைப் பார்த்துக்கொண்டு வெங்காயம் வெட்டியிருக்கிறேன். என்னைப் பற்றி இதைவிடக் கேவலமாகச் சொல்ல என்னிடம் வேறொன்றும் இல்லை.

இந்த நவம்பரில் மறுபடி தூள் வறுத்தேன். குசினி யன்னல் இரண்டையும் திறந்து வைத்து, கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு, குளிரில் நடுங்கி வறுத்தேன். செத்தல் மிளகாய் கறுப்பேறி, வீடே இருமியது. கூரை அலாரம் அலறி ஓய்ந்தது. வெள்ளைப் பெட்டி ஒரு சத்தமும் போடவில்லை. நடையில் லாச்சி திறக்கும் சத்தம்தான் கேட்டது. அடுப்பை நிறுத்திவிட்டுப் போனேன்.

"இஞ்சாருங்கோ. அதை லாச்சிக்குள்ள வைச்சது நான். போன வருசம், இதேமாதிரி மிளகாய் வறுக்கேக்க. நீங்கள் இல்லை."

அவர் கையை லாச்சிக்குள் வைத்தபடியே நின்றார். கோபப்படுவார் என்று நினைத்தேன், கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அப்ப எனக்கு ஒண்டுமில்லையோ?" என்று கேட்டார்.

"ஒண்டுமில்லை."

அவர் லாச்சியைச் சாத்தினார். தேத்தண்ணி கேட்டார். அன்று இருட்டிய பிறகும் ஒரு பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டு விறகு அடுக்கினார். நான் தூளைப் போத்தல்களில் அடைத்து, மூடிகளைத் துடைத்து, வருடத்தை எழுதி ஒட்டினேன். நெஞ்சில் இருந்தது இறங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் பின்னேரம், இருட்டுகிற நேரத்தில், நடையில் லாச்சி திறக்கும் சத்தம் கேட்டது. கை துழாவும் சத்தமும் கேட்டது. பழக்க தோசமா, இல்லை நான் சொன்னதையே மறந்துவிட்டாரா என்று போய்க் கேட்கலாம். பத்து அடி தூரம்தான். நான் வெங்காயம் வெட்டிய கத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு, அவர் லாச்சியைச் சாத்தும்வரை குசினியிலேயே நின்றேன்.