ரன்னிங்-இன் கட்டை

அக்கா வீட்டுச் சமையலறை ஜன்னல் காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு மரத்துண்டைச் சொருகி வைத்திருப்பார்கள். கட்டைவிரல் அளவுதான் இருக்கும். அது முதலில் எங்கே இருந்தது என்பது அத்தானுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அத்தானும் அவர் தம்பியும் சேர்ந்து ஒரு தண்ணீர் ஸ்கூட்டர் வாங்கினார்கள். தம்பியை வீட்டில் சின்னவர் என்போம். ஃபேரர் பார்க்கில் அடுக்குமாடி வீட்டில் இருந்துகொண்டு கடலில் ஓட்ட வண்டியா என்று அக்கா சீறினாள். இருவரும் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலிலேயே சாமியாரிடம் வண்டியை மந்திரித்து வாங்கிக்கொண்டு மூன்று பேரும் நேரே பொங்கோல் கடற்கரைக்குப் போனோம்.

அத்தான் மோட்டார் பட்டறைக்காரர். புது எஞ்சினை 'ரன்னிங்-இன்' முடியும்வரை மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும், உள்ளே இரும்போடு இரும்பு பழக வேண்டும், அதற்குள் முடுக்கினால் ஆயுசுக்கும் கோளாறு என்பார். அன்று பெட்ரோலில் எண்ணெயைக் கூடுதலாகவே கலந்தார். "புள்ளத்தாச்சி மாதிரி பாத்துக்கணும்லா," என்றார். "அப்ப பிரசவம் ஆனதும் சொல்லுங்கண்ணே," என்று சிரித்துவிட்டுச் சின்னவர் நீந்தப் போய்விட்டார். அத்தானுக்குத் தன் விரல்மீதே நம்பிக்கை இல்லை. கைப்பிடியில் இருந்த ஆக்சிலேட்டருக்கு அடியில் அந்த மரத்துண்டை வைத்து, கயிற்றால் கட்டினார். இனி எவ்வளவு அழுத்தினாலும் பாதி வேகத்துக்கு மேல் போகாது.

அவர் கரையோரமாக ஓட்டிக்கொண்டிருந்தபோது, சின்னவரை நீரோட்டம் இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்தேன். கத்தினேன். அத்தான் வண்டியைத் திருப்பினார். புகையைக் கக்கிக்கொண்டு அது ஊர்ந்தது. சின்னவரின் தலை முங்கியது, தெரிந்தது, மறுபடி முங்கியது. அத்தான் போய்த் தலைமுடியைப் பிடித்துத் தூக்கியபோது சின்னவருக்கு நினைவில்லை.

பிழைப்பாரா என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தான் என் முன்னால் கையை விரித்தார். உள்ளே அந்த மரத்துண்டு.

"சுருக்கு முடிச்சும்மா. ஒரு இழு இழுத்தா அவுந்துரும். கையக்கூடக் கொண்டு போனேன். எஞ்சின் கெட்டுருமேன்னு தோணுச்சு, கைய எடுத்துட்டேன்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. சொந்தத் தம்பி முங்கிக்கொண்டிருக்கும்போது எஞ்சினாவது மண்ணாங்கட்டியாவது! எழுந்து போய்விட்டேன். சின்னவர் இரண்டாம் நாள் கண் விழித்தார். ஆள் பிழைத்த பிறகு அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை அது கையோடுதான் இருக்கிறது. வண்டியை அத்தான் அந்த மாதமே விற்றுவிட்டார். மரத்துண்டை மட்டும் தூக்கிப் போடவில்லை.

போன கிறிஸ்துமஸுக்கும் சின்னவர் உட்லண்ட்ஸிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தார். சாப்பாட்டுக்குப் பிறகு பேரப்பிள்ளைகளை உட்கார வைத்து, வருடாவருடம் சொல்லும் கதையை ஆரம்பித்தார். "அன்னைக்குப் பெரிய தாத்தா ஃபுல் ஸ்பீடுல வந்தாரு. புது எஞ்சினாச்சேன்னுகூடப் பாக்கல!"

பிள்ளைகள் கை தட்டினார்கள். அத்தான் எழுந்து சமையலறைக்குப் போனார். பின்னாலேயே நானும் போனேன். அந்த மரத்துண்டை ஜன்னலில் இன்னும் உள்ளே தள்ளி அழுத்திக்கொண்டிருந்தார். அன்று காற்றே இல்லை.