முன்கம்பியைப் பிடித்த கை

இது நடந்தது. நம்புகிறவர்கள் நம்பலாம், நம்பாதவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். பசுபதிக்கு இரண்டும் ஒன்றுதான். சாகும்வரை அவன் இதில் ஒரு வார்த்தை கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. மணியைக்கூட மாற்றிச் சொன்னதில்லை.

1943, ஜூன் 17. வியாழக்கிழமை.

புக்கிட் செலம்பாவ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பசுபதிக்குக் கம்பி வடம் பின்னும் வேலை. தோட்டத்து ஆற்றின் மேலிருந்த தொங்குபாலம் அவன் பொறுப்பு. முதல் நாள் மாலை தோட்டத்து எழுத்தரான கிராணி பெயர்ப் பட்டியலைப் படித்தார். சயாமில் ஜப்பான்காரன் போடும் ரயில் பாதைக்கு முப்பது பேர். பதினோராவது பெயர் பசுபதி. வெள்ளிக்கிழமை காலை லாரி வரும். அதற்கு முன் போனவர்களில் ஒருவன்கூடத் திரும்பி வந்திருக்கவில்லை.

"நான் போகமாட்டேன்" என்றான் மனைவி புஷ்பவள்ளியிடம்.

"போகாட்டி அடிச்சே கொன்னுடுவான்."

"ஆளு கையில கெடைச்சாதானே லா கொல்லுவான்?"

மெர்போக் ஆற்றோரச் சதுப்புக் காட்டில் ஒரு சின்னப் பாய்மரப் படகு கிடந்தது. தோட்டத்துத் துரை யாரிடமோ பழசாக வாங்கியது. ஜப்பான்காரன் வந்ததும் துரை காரில் ஓடிவிட்டார். படகு கரையிலேயே நின்றுவிட்டது. துரையோடு நாலைந்து முறை போய்வந்ததில் பசுபதிக்கும் பாய் விரிக்கத் தெரியும். மாலை ஆறு மணிக்கு மீன் படகுகள் கடலுக்குப் போகும். அவற்றோடு கலந்து வெளியேறி, லங்காவித் தீவில் இருக்கும் புஷ்பவள்ளியின் சித்தப்பா வீட்டுக்குப் போய்விட வேண்டும்.

ஒரே ஒரு சிக்கல். பாய்மரத்தை நிமிர்த்திப் பிடிப்பவை நான்கு கம்பிகள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று. ஒன்றரை வருடமாக மழையில் நனைந்தவை. நடுக்கடலில் ஒன்று அறுந்தாலும் மரம் சாய்ந்துவிடும். அத்தோடு இருவர் கதையும் முடிந்தது.

தொங்குபாலத்துக்கு என்று வைத்திருந்த புதுக் கம்பி வடத்தை மரவள்ளிக் கிழங்கு மூட்டைக்குள் சுருட்டி, சைக்கிளில் கட்டிக்கொண்டு புறப்பட்டான். ஆற்றங்கரைக்கு வந்தபோது மணி பத்து பத்து. அங்கே விறகு வெட்டிக்கொண்டிருந்த பாப்பம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உச்சி நேரத்துல அந்தப் படகுகிட்ட நிக்காதீங்க தம்பி. ஹந்து இருக்கு."

"பேயா? ஜப்பான்காரனுக்குப் பின்னால வரிசையில நிக்கச் சொல்லுங்கக்கா."

அவள் சிரிக்கவில்லை. விறகைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

பசுபதி வேலையைத் தொடங்கினான். ஏணி வைத்து ஏறி, ஒவ்வொரு கம்பியையும் பழந்துணியால் மேலிருந்து கீழாக உருவினான். இழை அறுந்திருந்தால் துணி மாட்டிக்கொள்ளும். நான்கிலும் மாட்டியது. நான்கையும் மாற்றியாக வேண்டும். தனியாக வேலை செய்பவனுக்கு ஒரே விதிதான். ஒரு நேரத்தில் ஒரு கம்பி. புதியதைக் கட்டி இறுக்கிய பிறகே அடுத்ததை அவிழ்க்கலாம்.

பன்னிரண்டு மணி. ஒன்றும் வரவில்லை. பன்னிரண்டரை. ஒரு காக்கைகூட வரவில்லை.

"எங்கடா ஒன் ஹந்து?" என்று காட்டைப் பார்த்துக் கத்தினான். அவனுக்கு அவ்வளவு கொழுப்பு.

அவன் மறந்துவிட்ட ஒன்று உண்டு. அந்த நாளில் பலரும் அதை மறந்தார்கள். ஊர்க் கடிகாரங்கள் அனைத்தையும் ஒன்றரை மணி முன்னே தள்ளி, தோக்கியோ நேரப்படி வைக்கச் சொல்லியிருந்தார்கள் ஜப்பான்காரர்கள். கடிகாரம் உத்தரவுக்குப் பணிந்தது. சூரியன் பணியவில்லை. பசுபதியின் பாக்கெட் கடிகாரம் பன்னிரண்டு காட்டியபோது உச்சி வேளை வந்திருக்கவே இல்லை.

ஒன்று நாற்பது. பின்கம்பியும் இடப்பக்கக் கம்பியும் முடிந்தன. இறுக்கம் சரியா என்று பார்க்க, இடக்கம்பியை வடம் பின்னும் இரும்பு ஊசியால் தட்டினான்.

டிங்...

முன்பக்கத்திலிருந்து இன்னொரு 'டிங்' கேட்டது.

எதிரொலி என்று நினைத்தான். இரண்டு முறை தட்டினான்.

டிங்... டிங்...

பதிலுக்கு மூன்று வந்தது.

முன்பக்கம் தெரியவில்லை. பாயை அங்கேதான் குறுக்கே காயப் போட்டிருந்தான். குரங்கு ஏதாவது இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

ஒன்று ஐம்பத்தைந்து. இடக்கம்பியின் கீழ் முனையில் மெல்லிய கம்பி சுற்றுவதைக் கடைசிக்கு விட்டிருந்தான். குனிந்து பார்த்தால்... சுற்றி முடித்திருந்தது. அழகாக, நெருக்கமாக. பசுபதி எப்போதும் வலமாகத்தான் சுற்றுவான். இது இடமாகச் சுற்றியிருந்தது.

பயமாகத்தான் இருந்தது. ஓடலாம் என்று தோன்றியது. ஓடினால் எங்கே போவது? தோட்டத்துக்கு. நாளைக் காலை லாரிக்கு.

"முடியாதுடா" என்று சத்தமாகச் சொன்னான். வலக்கம்பியை அவிழ்த்தான்.

இரண்டு பதினெட்டு. இதுதான் உண்மையான உச்சி வேளை. நிழல் காலடியில் சுருங்கிக் கிடந்தது.

பட்!

துருப்பிடித்த முன்கம்பியின் கீழ் முனை தானாகவே அறுந்தது. இப்போது இரண்டு கம்பிகள் இல்லை. மரம் முனகியது. இடப்புறமாகச் சாய்ந்தது... இன்னும் சாய்ந்தது...

நின்றது.

முன்பக்கம், பாய்க்கு அந்தப் புறம், யாரோ கம்பியை இழுத்துப் பிடித்துவிட்டார்கள். மரம் மெல்ல நிமிர்ந்தது. புஷ்பவள்ளி மதியம் வருவதாகச் சொல்லியிருந்தாள். பசுபதிக்குப் போன உயிர் திரும்பியது.

"நல்ல நேரத்துல வந்தே புஷ்பம். கெட்டியாப் பிடி!"

பாயின் ஓரத்தில் நான்கு விரல்கள் மட்டும் தெரிந்தன. முரட்டு விரல்கள். கம்பி கிழித்த தழும்புகள். அவசரத்தில் அவன் அதைக் கவனித்தும் கவனிக்கவில்லை. வலக்கம்பியைக் கட்டத் தொடங்கினான்.

இரண்டு முப்பத்தொன்று.

"யார்கிட்ட பேசுறீங்க?"

குரல் அவனுக்குப் பின்னால் வந்தது. ஒற்றையடிப் பாதையில்... தலையில் மூட்டையோடு... புஷ்பவள்ளி.

பசுபதியின் கை நின்றுவிட்டது.

முன்கம்பி இன்னும் விறைப்பாக இருந்தது.

அவள் நின்ற இடத்திலிருந்து பாய்க்கு அந்தப் புறம் தெரியும். பார்த்தாள். மூட்டை நழுவி விழுந்தது.

"திரும்பாதீங்க" என்றாள். "வேலைய முடிங்க."

பசுபதிக்குக் கோபம் வந்தது. கிராணி மீது, லாரி மீது, ஜப்பான்காரன் மீது இருந்த கோபம் எல்லாம் சேர்ந்து வந்தது.

"நீ யாரா வேணா இரு! ஜப்பான்காரனுக்கே நான் கெடைக்கமாட்டேன். ஒனக்கும் கெடைக்கமாட்டேன். ஆனா கைய மட்டும் விட்டுடாத! பிடிச்சிரு!"

விறைப்பு தளரவில்லை.

வலக்கம்பி இறுகியது. ஏணியில் ஏறி, புது முன்கம்பியின் மேல் முனையை மாட்டினான். கீழ் முனையைப் படகின் மூக்கில் கட்ட வேண்டும். அதன் பக்கம்.

"குடுங்க" என்றாள் புஷ்பவள்ளி. "நீங்க வரக்கூடாது. நான் கட்டுறேன்."

"பயமா இல்லியா?"

"சயாம் நெனைச்சாத்தான் பயம்."

கண்ணை மூடிக்கொண்டு பாய்க்குப் பின்னால் போனாள். அவன் சொல்லச் சொல்லக் கட்டினாள்.

இரண்டு நாற்பத்து நான்கு.

"முடிச்சிட்டேன்."

சட்டென்று பழைய முன்கம்பி சேற்றில் விழுந்தது. பசுபதி ஓடிப்போய்ப் பாயை உருவினான். யாரும் இல்லை. சேற்றில் புஷ்பவள்ளியின் காலடிகள் மட்டும் இருந்தன. என்ன பார்த்தாய் என்று அன்றும் கேட்டான், பிறகும் கேட்டான். அவள் கடைசிவரை சொல்லவில்லை.

ஆறு மணிக்குப் படகு புறப்பட்டது. நான்கு கம்பிகளும் தாங்கின. லங்காவி போய்ச் சேர்ந்தார்கள். அவர்களைத் தேடி யாரும் வரவில்லை. தோட்டத்தில் இருந்த சொந்தக்காரர்களையும் யாரும் விசாரிக்கவில்லை. ஏன் என்று பசுபதிக்கு நெடுநாள் விளங்கவில்லை.

1946. சண்டை முடிந்து, பசுபதி சுங்கை பட்டாணிக்கு வந்திருந்தான். தேநீர்க் கடையில் நடராஜா உட்கார்ந்திருந்தான். அதே தோட்டத்து ஆள். அந்த வெள்ளிக்கிழமை லாரியில் போய் உயிரோடு திரும்பிய இரண்டு பேரில் ஒருவன். எலும்பும் தோலுமாக இருந்தான்.

பசுபதியைப் பார்த்ததும் எழுந்தான். சுவர்வரை பின்னால் போனான்.

"அண்ணே... நீங்க..."

"என்னடா? நான்தான்."

"கிராணி பதினோராவது பேரு கூப்பிட்டாரு... நீங்க 'இருக்கேன்'னு ஏறினீங்க. என் பக்கத்துலதான் உக்காந்தீங்க... ஆகஸ்டுல வாந்திபேதி. நாலே நாள்..."

"மூஞ்சிய நல்லாப் பாத்தியா?"

"ஒங்களப் பொதைச்சதே நான்தானே அண்ணே."

பசுபதி பயத்தை முகத்தில் காட்டுவதில்லை என்று முடிவு செய்தான்.

"பொதைச்சது பொதைச்சதாவே இருக்கட்டும். நான் சாகல. உக்காரு."

நடராஜா உட்காரவில்லை.