அமால்ஃபி படகுத்துறையில் சாகுல்

கப்பலின் அடித்தளத்தில் சலவை அறை. சூடான நீராவியும் சோப்பு நெடியும் மூக்கிலேயே குடியிருக்கும். சோறு தின்றால்கூட சோப்பு வாசனைதான்...

அங்கிருந்து சின்னப் படகில் ஏறி அமால்ஃபி கரையில் கால் வைத்ததும் வெயில் முகத்தில் அறைந்தது. ஜன்னல் இல்லாத இடத்தில் வேலை பார்ப்பவனுக்கு வெயிலும் ஒரு விருந்துதான்.

நானும் சாகுலும் போயிருந்தோம். நான் குத்துக்கல்வலசை, அவன் பக்கத்துத் தென்காசி. ஊரில் ஒருவரையொருவர் பார்த்ததே கிடையாது. அந்தச் சுற்றுலாக் கப்பலில், படுக்கை விரிப்பு மடிக்கிற மேஜையில் "எந்த ஊரு?" என்று கேட்டு ஒட்டிக்கொண்டவர்கள். அன்று இருவருக்கும் சேர்ந்தாற்போல் அரை நாள் லீவு.

இத்தாலியின் அந்தக் கரையில் மலை நேராகக் கடலுக்குள் இறங்குகிறது. மஞ்சள், வெள்ளை, வெளிர் சிவப்பு என்று வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கின்றன. இந்த வீட்டு மொட்டை மாடி அந்த வீட்டுக்கு வாசல். பெரிய தேவாலயத்துப் படிகள் முழுக்க ஐஸ்கிரீம் தின்கிற கூட்டம். சந்துகளில் குறுக்கும் நெடுக்கும் துணி காயப் போட்டிருந்தார்கள். தொழில் புத்தி... நான் அதைத்தான் முதலில் பார்த்தேன்.

பக்கத்து ஊர் அத்ரானி வரை நடந்து, அங்கிருந்து எலுமிச்சைத் தோட்டங்களுக்கு நடுவே படியேறினோம். புளியங்குடி எலுமிச்சையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தப் பழங்கள் கடாரங்காய் மாதிரி பெரிதாக இருந்தன.

"ஏலே, இதுல ஒண்ணப் போட்டா ஒரு ஜாடி ஊறுகா ஆவும்," என்றேன்.

சாகுல் சிரிக்கவில்லை. எப்போதும் வாய் ஓயாதவன் அன்று பேசவே இல்லை. அப்போதுதான் அவன் தோளில் கிடந்த பையைக் கவனித்தேன். புடைத்திருந்தது.

"சுத்திப் பாக்க வந்ததுக்கு எதுக்குலே இவ்வளவு பெரிய பை?"

"நான் கப்பலுக்கு வரல," என்றான்.

விளையாடுகிறான் என்று நினைத்தேன்.

"நேப்பிள்ஸ்ல எங்க மாமா மவன் ஓட்டல்ல வேலை பாக்குதான். பஸ் ஏறி வந்துரு, மத்தத நான் பாத்துக்கிடுதேன்னு சொல்லிருக்கான்."

"பாஸ்போர்ட் கப்பல்ல கெடக்குலே! மாட்டுனா என்னாவும்?"

"மாட்டாம எத்தன பேரு இருக்கான். காண்ட்ராக்ட் முடிஞ்சா மறுபடி கூப்பிடுவானான்னு தெரியல. தென்காசில போயி நான் என்ன செய்ய? இங்கன நாலஞ்சு வருசம் ஓட்டிட்டா தங்குததுக்குப் பேப்பர் கெடச்சிருமாம்."

"அது வரைக்கும் ஊருக்குப் போவ முடியாதே?"

அவன் பையின் வாரை இழுத்துவிட்டுக்கொண்டான். கீழே, எங்கள் கப்பல் நீலத் தண்ணீரில் வெள்ளையாக நின்றுகொண்டிருந்தது. இறங்கும் வழியெல்லாம் கெஞ்சினேன், திட்டினேன். அவன் காதில் எதுவும் ஏறவில்லை.

அமால்ஃபியில் பஸ் நிற்கும் இடமும் படகுத்துறையும் பக்கத்துப் பக்கத்தில். பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. ஏறும் முன் மனைவி பாத்திமாவிடம் ஒரு வார்த்தை பேசிவிடலாம் என்று, காபிக்கடை வைஃபையில் வீடியோ கால் போட்டான். அவன் திட்டம் அவளுக்குத் தெரியாது.

"எங்கன நிக்கிய? பின்னால எவ்வளவு அழகா இருக்கு!" என்றாள். போனைத் திருப்பி மலையையும் கடலையும் காட்டினான்.

"இங்க குத்தாலத்துல சாரல் விழுந்துட்டு. நேத்து எல்லாரும் ஐந்தருவிக்குப் போனோம்."

"பிள்ள என்ன செய்யுதா?"

இரண்டு வயது மகள். இவன் கிளம்பும்போது கைக்குழந்தை.

"அவ பண்ணுத கூத்தக் கேளுங்க. வாப்பா எங்கன்னு கேட்டா இந்த போனத்தான் காட்டுதா. நேத்து சார்ஜ் இல்லாம ஆஃப் ஆயிட்டு. வாப்பா தூங்குதாங்கன்னு சொல்லி, துண்டப் போட்டுப் போத்தி, பக்கத்துல படுத்துக்கிட்டா!"

அவள் சிரித்தாள். சாகுலும் சிரித்தான். நானும்தான்.

கால் முடிந்தபின் அவன் போனையே பார்த்துக்கொண்டு நின்றான். பஸ் டிரைவர் வருகிறாயா என்பதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கதவை மூடினார். பஸ் வளைவில் திரும்பும் வரை சாகுல் நகரவில்லை.

பிறகு பையை மாட்டிக்கொண்டு படகு வரிசையில் போய் நின்றான். நானும் அவன் பின்னால் போய் நின்றேன். படகு பாதி தூரம் போனதும் அவனாகத்தான் சொன்னான்.

"மாமா மவன் காத்துக்கிட்டு இருப்பான்லே... ஒரு போன் போட்டுச் சொல்லணும்."

காண்ட்ராக்ட் முடிந்து ஊருக்குப் போனவன் திரும்பக் கப்பல் ஏறவில்லை. இப்போது குற்றாலத்து லாட்ஜுகளுக்குத் துணி துவைத்துக் கொடுக்கிறான். சீசனில் மூச்சு விட நேரமிருக்காது. மற்ற மாதங்களில் ஈ ஓட்டுவான்.

அவனுக்கு அத்தனை புத்தி சொன்ன நான்தான் பெண்டாட்டி பிள்ளையை ஊரில் விட்டுவிட்டுக் கப்பல் மேல் கப்பலாக ஏறினேன். அந்தக் கரையைப் பிறகு எத்தனையோ முறை தாண்டியிருக்கிறேன். டெக்கில் நின்று பார்த்தால் காலண்டர் படம் மாதிரி இருக்கும். இறங்கத்தான் வாய்க்கவில்லை. போன வருடம்தான் ஒரேயடியாக ஊர் வந்து சேர்ந்தேன்.

நேற்று சாகுல் வீட்டுக்குப் போயிருந்தேன். வாப்பாவுக்கும் மகளுக்கும் பெரிய சண்டை. பதினொன்றாம் வகுப்பில் எந்தக் குரூப் எடுப்பது என்பதில். "உங்களுக்கு ஒண்ணும் தெரியாது வாப்பா!" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். "பாத்தியாலே, என்னா வாயி!" என்று என்னிடம் புலம்பினான். புலம்பும்போதும் அவன் முகத்தில் ஒரு வெளிச்சம்...

என் வீட்டில் சண்டையே கிடையாது. என் மகன் நான் உள்ளே வந்தால் எழுந்து நிற்கிறான். எதைச் சொன்னாலும் "சரிப்பா" என்கிறான். வெளியூரிலிருந்து வந்த விருந்தாளியிடம் பேசுவதுபோல், அத்தனை மரியாதை.

அவனும் ஒருநாள் என்னோடு சண்டை போடுவான்... காத்திருக்கிறேன்.