கிள்ளை வர்றதுக்குள்ள ஒரு அத்தியாயம்

என் கடை டிராயர்ல ஒரு அரை பென்சில் கெடக்கு. அதோட வால்ல மோட்டார் காயில் கட்டுற செம்புக் கம்பி சுத்தியிருக்கும். சுத்துனது நான்தான். பென்சில் அடிக்கடி காணாம போகுதுன்னு அக்கா சொன்னாங்க. கம்பிய வச்சு பரீட்சை அட்டையோட சேத்துக் கட்டிக் குடுத்து, "இனிமே திருடுறவன் அட்டையோடதான் திருடணும்"னேன். அட்டைய எப்பவோ கரையான் தின்னுடுச்சு. பென்சில் மட்டும் மிச்சம்.

அக்கான்னா கூடப் பொறந்தவங்க இல்ல. சிதம்பரம் கோர்ட்டுல டைப்பிஸ்ட். ரெண்டாயிரத்து அஞ்சுல நாங்க ரெண்டு பேரும் கடலூர் முதுநகர்ல காலைல ஒரே பாசஞ்சர் ஏறுவோம். சிதம்பரத்துல ஒரு மோட்டார் ரிப்பேர் கடைல எனக்கு வேலை. ஒரு நாள் ப்ளாட்பாரத்துல எவனோ விட்டுட்டுப் போன வாரப் பத்திரிகைய எடுத்து, தொடர்கதைய சத்தம் போட்டுப் படிச்சு, நாயகி அழுவுற எடத்துல எல்லாம் மூக்க உறிஞ்சிக் காட்டி, பக்கத்துல இருந்தவங்கள சிரிக்க வச்சிக்கிட்டிருந்தேன். அக்கா மட்டும் சிரிக்கல. "எதுவரைக்கும் படிச்ச?"ன்னு கேட்டாங்க. "எட்டாவது. ரெண்டு தடவ"ன்னேன். மறுநாள் டைப் அடிச்ச ஒம்போது பக்கத்த கைல குடுத்தாங்க. அவுங்க எழுதுற நாவலோட மொத அத்தியாயம்.

ஏற்பாடு இதான். அக்கா லேடீஸ் பெட்டில போயிடுவாங்க. நான் பொதுப் பெட்டில, தெனமும் வர்ற ஆளுங்களுக்குப் படிச்சுக் காட்டணும். யாரு எழுதுனதுன்னு சொல்லக்கூடாது. "எழுதுனவ எதிர்ல உக்காந்திருந்தா எவன் நெசத்த சொல்லுவான்"னாங்க. கேக்குறவங்க சொல்றத அப்படியே அட்டைல வச்ச தாள்ல எழுதணும். நான் எங்க திக்குறேனோ அந்த வரிக்கு அடியில பென்சிலால ஒரு கோடு போடணும். நான் திக்குனா வரில கோளாறுன்னு அர்த்தம், அத வெட்டிடுவேன்னாங்க. "கஷ்டமான வார்த்தையா போட்டு என்ன அசிங்கப்படுத்துறீங்க, கடைசில பழியையும் நீங்களே ஏத்துக்குறீங்களா"ன்னு கேட்டேன். அதுக்கும் சிரிக்கல. முதுநகர்ல ஆரம்பிச்சா, சிதம்பரத்துக்கு முந்தின ஸ்டேஷன் கிள்ளை வர்றதுக்குள்ள அத்தியாயம் முடியணும். அதுக்கப்புறம் எல்லாரும் எறங்க மூட்டைய தூக்க ஆரம்பிச்சிடுவாங்க.

கேக்குறதுக்கு ஏழெட்டு பேரு. அதுல வாய் ஜாஸ்தி ரெண்டு பேருக்குத்தான். ஒருத்தர் காலேஜ்ல கிளார்க்கா இருந்த மாமா. இன்னொண்ணு கதவோரம் கூடைய வச்சு உக்காந்திருக்கிற மீன்காரம்மா. "மாமியாக்காரி ரொம்பப் பேசறா, அவள கொற"ன்னு மாமா சொல்லுவாரு. அடுத்த வாரம் மாமியார் வாய் பாதியாயிருக்கும். மாமா தான்தான் கதை எழுதுன மாதிரி காலரத் தூக்கிவிட்டுக்குவாரு.

கதை நெல்லிக்குப்பத்துல நடக்குது. சக்கரை ஆலைல வேலை பாக்குற ஒரு ஆளு காலைல சைக்கிள எடுத்துக்கிட்டுப் போறான், திரும்பி வரல. பொண்டாட்டியும் பொண்ணும் காத்துக்கிட்டிருக்காங்க. பன்னெண்டாவது அத்தியாயத்துல அந்தப் பொண்ணு, தெனமும் அப்பாவுக்கு எடுத்து வைக்கிற தட்ட கவுத்து வச்சிடுறா. அதோட முடியுது. எனக்கு அன்னிக்கி குறும்பு ஏறிடுச்சு. ரயில் பரங்கிப்பேட்டைய தாண்டிடுச்சு, அடுத்தது கிள்ளை, எல்லார் மூஞ்சியும் செத்துக் கெடக்கு. தாள்ல இல்லாத வரிய நானா படிச்சேன். வாசல்ல சைக்கிள் பெல் சத்தம் கேக்குது, அப்பன் உள்ள வர்றான், அம்மா ஒரு வார்த்த பேசாம சோறு போடுறா. மாமா கை தட்டிட்டாரு. மீன்காரம்மா மட்டும், "இத்தன நாளு எங்கடா போனன்னு கேக்காம இன்னா சோறு வேண்டிக் கெடக்கு அவனுக்கு"ன்னாங்க. எல்லாத்தையும் அட்டைல ஒழுங்கா எழுதுனேன். அத அக்கா படிப்பாங்கன்னு தோணவே இல்ல, அங்கதான் என் புத்தி.

சிதம்பரம் ப்ளாட்பாரத்துல அக்கா அட்டைய வாங்கிப் படிச்சாங்க. ரெண்டாவது தடவையும் படிச்சாங்க. "யாரு வந்தா?"ன்னு கேட்டாங்க. எனக்கு அப்பத்தான் ஒறச்சுது. "சும்மா ஒரு ஜாலிக்கு கூட்டியாந்தேன்க்கா"ன்னு இளிச்சேன். அவுங்க திட்டல. "வந்து இன்னா சொன்னாரு?"ன்னாங்க. நான் அந்தாளுக்கு வசனமே குடுக்கல. "பசிக்குதுன்னாருக்கா"ன்னு வாய்க்கு வந்தத சொல்லி வச்சேன். சரின்னு தலையாட்டிட்டு கோர்ட்டுக்குப் போயிட்டாங்க.

அதுக்கப்புறம் மூணு வாரம் டைப் அடிச்ச பக்கம் எதுவும் வரல. "கதை இன்னாடா ஆச்சு"ன்னு மீன்காரம்மா தெனமும் அரிச்சாங்க. அக்கா என்னப் பாத்தா ஒரு சிரிப்பு, அவ்ளோதான். அவுங்க நாவல நான் தொலச்சிட்டேன்னு முடிவே பண்ணிட்டேன்.

நாலாவது வாரம் அதே பன்னெண்டாவது அத்தியாயம் புதுசா டைப் அடிச்சு வந்துச்சு. "தாள்ல இருக்கறத மட்டும் படி"ன்னாங்க. படிச்சேன். அப்பா வந்தா இன்னா கேக்கறதுன்னு அந்தப் பொண்ணு ஒரு பக்கம் முழுக்க யோசிக்கிறா. ஒவ்வொரு கேள்வியா நெனச்சு, வேணாம்னு தள்ளி, கடைசில ஒண்ணுதான் மிஞ்சுது. போறப்ப ஒரு தடவயாவது திரும்பிப் பாத்தியாப்பா. அப்புறம் தட்ட கவுத்து வைக்கிறா. யாரும் வரல.

அந்தக் கேள்விகிட்ட நான் நின்னுட்டேன். எழுத்து எல்லாம் சுளுவான எழுத்துதான். வாய் வரல. மீன்காரம்மா கூடைய இழுத்துக்கிட்டே, "எழுதுனது யாருடா?"ன்னாங்க. "தெரியாதும்மா"ன்னேன். "பாவம், எழுதுனவ அப்பன் வரவே இல்ல போல"ன்னாங்க. அட்டைல நான் எதுவும் எழுதல.

அக்கா வெறும் அட்டையப் பாத்துட்டு, "ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலயா?"ன்னாங்க. "இல்லக்கா." "நீ எங்கயும் திக்கலயா?" திக்குனேன்னு சொன்னா அந்த வரிய வெட்டிடுவாங்க. "இல்லக்கா, தண்ணி மாதிரி போச்சு"ன்னேன்.

மறு வருஷம் லைன அகலமாக்கறோம்னு ரயில நிறுத்திட்டாங்க. ஆளாளுக்கு ஒரு பஸ்ஸுன்னு பிரிஞ்சு போயிட்டோம். அக்காவுக்கு வேற ஊருக்கு மாத்தல் வந்துச்சு, அட்டையும் பென்சிலும் எங்கிட்டயே தங்கிடுச்சு. இப்ப அதே பாதைல பெரிய ரயில் ஓடுது. நானும் சொந்தமா கடை வச்சிட்டேன். போன மாசம் தபால்ல அக்காவோட நாவல் புஸ்தகமா வந்துச்சு. உள்ள ஒரு சீட்டு: 'அச்சாயிடுச்சு, இனி கோடு போட முடியாது.' கடைல ஆள் இல்லாத நேரமா பாத்து, பன்னெண்டாவது அத்தியாயத்த சத்தமா படிச்சேன். அந்தக் கேள்வி ஒரு எழுத்து மாறாம இருந்துச்சு. அதே எடத்துல திக்குனேன். டிராயரத் தொறந்து பென்சில எடுத்து, அதுக்கு அடியில ஒரு கோடு போட்டேன்.