அம்பத்தேழு கங்காணி

இலங்கையில், ஓப்பநாயக்கவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், மழைநீர் வடியக் கான் என்னும் வாய்க்கால் வெட்டும் ஆட்களுக்குக் கங்காணியாக இருந்தவர் அழகமுத்து. 1920களின் கடைசியில் தோட்டமே அவரை ‘அம்பத்தேழு’ என்றுதான் கூப்பிட்டது. வயதைச் சொல்லி அல்ல. அவருக்கு முப்பதுகூட ஆகவில்லை. பிடித்தால் பிடித்த பிடி என்கிற மனிதர்.

மலைத்தண்ணீர் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குள் இறங்காதபடி, பத்தடிக்கு ஓரடி வாட்டத்தில் ஒரு கான் வெட்டச் சொன்னார் தோட்டத்து வெள்ளைக்காரத் தொரை. பழைய மட்டக்கருவியில் வாட்டத்தையே எழுதியிருக்கும். அது உடைந்துபோக, புதிதாக வந்ததில் டிகிரி மட்டும்தான் இருந்தது. அழகமுத்து அசரவில்லை. பத்துக்குப் பத்து ஏறினால் நாற்பத்தைந்து டிகிரி என்பது அவருக்குத் தெரியும். அப்படியானால் பத்துக்கு ஒன்று? நாலரை! ஆட்களுக்கு வேலையைப் பங்கு போட்டுப் பழகியவர், கோணத்தையும் பங்கு போட்டுவிட்டார்.

கானில் வாட்டம் போதவில்லை. முதல் பெருமழையில் தண்ணீர் தேங்கி, மண் படிந்து, கரை உடைந்தது. வெள்ளம் முதலில் புகுந்தது லயத்தில் அவர் குடியிருந்த அறையான காம்பராவில்தான். மனைவி தங்கம்மா கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேட்டு லயத்து அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

“வா, போவோம். கரைய கட்டியாச்சு” என்றார் அழகமுத்து.

“கரைய நம்பி புள்ளய படுக்க வைக்க சொல்றீங்களா? கான் ஒழுங்கா ஓடட்டும், அப்ப வாறேன்.”

வீம்பில் சொன்னதல்ல, பயத்தில் சொன்னது. அதனால்தான் அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

ஞாயிற்றுக்கிழமை, தேயிலை அரைக்கும் ஸ்டோர் முற்றத்துச் சமதரையில் கருவியை ஒரு கம்பின் மேல் நிறுத்தினார். பத்தடி தள்ளி ஒரு மூங்கிலை நட்டார். கருவியின் மட்டத்திலிருந்து மேலே அடிக்கொரு கோடு. ஒவ்வொரு கோடாகப் பார்த்தார். முதல் அடிக்கு ஏறக்குறைய ஐந்தே முக்கால் டிகிரி. அடுத்தடுத்த அடிகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, பத்தாவது அடிக்கு வெறும் மூன்று. கூட்டினால் அதே நாற்பத்தைந்து. உயரம் சமமாக ஏறினாலும் கோணம் சமமாக ஏறுவதில்லை! அட, இவ்வளவுதானா என்று தலையில் அடித்துக்கொண்டார்.

“கங்காணி மூங்கிலுக்கு மந்திரிக்கிறாரு” என்று போகிற வருகிறவர்கள் சிரித்தார்கள். அவர் சோற்றுக்குக்கூடப் போகவில்லை. மூங்கிலை இருபதடிக்கும் நாற்பதடிக்கும் நகர்த்தி, ஓரடிக் கோட்டை மட்டும் பார்த்தார். டிகிரி பாதியானது, பிறகு அதிலும் பாதியானது. தூரத்தை டிகிரியால் பெருக்கினால் எப்போதும் ஐம்பத்தேழுக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது. ஆக, சிறு வாட்டத்துக்கு, ஓரடி ஏற எத்தனை அடி தூரமோ அதால் ஐம்பத்தேழை வகுத்தால் டிகிரி கிடைத்துவிடும். செங்குத்துக்கு இந்தக் குறுக்குவழி உதவாது. அங்கே மூங்கிலை நட்டுத்தான் பார்க்க வேண்டும்.

வெட்டிய கானை மறுபடி வெட்டக் கூலிக்குப் பேர் போட முடியாது என்றுவிட்டார் தொரை. வேலை விட்டதும் அழகமுத்து ஐந்தே முக்கால் டிகிரிக்குக் கானை ஆழப்படுத்தத் தனியாக மம்பட்டியைத் தூக்கினார். பிறகு ஆட்களும் முணுமுணுத்தபடி வந்து சேர்ந்தார்கள்.

அடுத்த பெருமழை ஒரு மத்தியானம் பிடித்தது. பிள்ளையை மார்போடு அணைத்து, சாக்கால் மூடிக்கொண்டு தங்கம்மா இறங்கி வந்தாள். செந்தண்ணீர் எங்கும் தேங்காமல் ஓடிக்கொண்டிருந்தது. கானின் தலைப்பிலிருந்து கடைசிவரை கரையோரமாக நடந்து பார்த்தாள்.  காம்பராவுக்குள் போய்ப் பாயை விரித்து, பிள்ளையைத் தரையில் படுக்க வைத்தாள்.